கடலடிச் சேற்றில் காலத்தைப் படித்தவர்: செசாரே எமிலியானி

அறிவியல் என்றதும் சரியான விடையைக் கண்டவர்களையே நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். பள்ளிப் பாடநூல்களும் அவர்களைத்தான் நமக்கு அறிமுகம் செய்கின்றன. ஆனால், ஒரு துறைக்கே கதவைத் திறந்துவிட்டு, தம் முதன்மையான கணக்கில் பிழைபட்டுப் போனவர்களும் அறிவியலில் உண்டு. அத்தகையோரை எவ்வாறு மதிப்பிடுவது? நிலவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இக்கேள்வி என்னைப் பலமுறை சிந்திக்க வைத்துள்ளது. அதற்கு விடை தேடும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் செசாரே எமிலியானி. கடலடிச் சேற்றில் புதைந்து கிடக்கும் மணலளவு ஓடுகளைக் கொண்டு, பனியூழிகள் பலமுறை வந்து போனதை உலகிற்கு எடுத்துக்காட்டியவர் அவர். அன்னாரின் வாழ்க்கையையும் பணியையும் இக்கட்டுரையில் காண்போம்.

மணலளவு ஓடுகள்

எமிலியானியை அறியுமுன், அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு ஆராய்ந்த உயிரினத்தைச் சற்று அறிந்துகொள்வது நலம். ஃபோராமினிஃபெரா எனப்படும் இவ்வுயிரிகள் ஒரே ஓர் உயிரணுவால் ஆனவை. பெரும்பாலானவை 1 மில்லிமீட்டருக்கும் சிறியவை. ஆயினும், அச்சிறு உடலைச் சுற்றி அவற்றுள் பெரும்பாலானவை அறை அறையாகச் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்கின்றன. சில இனங்கள் கடலின் மேல்நீரில் மிதந்து வாழ்கின்றன. வேறு பல இனங்கள் கடலடியிலேயே வாழ்கின்றன. உயிர் போனதும் ஓடு சேற்றில் தங்கிவிடுகிறது. ஆழ்கடலில் 1,000 ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் சேறுதான் படியும். ஆகவே, 10 மீட்டர் நீளமுள்ள ஒரு சேற்றுத் தூணைக் கடலடியிலிருந்து எடுத்தால், அதில் பல இலட்சம் ஆண்டுகளின் வரலாறு அடுக்கடுக்காக இருக்கும்.

இவ்வுயிரிகளுக்கு 1826ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர் பிரான்சு நாட்டு அறிஞர் அல்சிட் தொர்பின்யி. அவர் இவற்றைக் கணவாய் இனத்தின் மிகச் சிறிய உறவினர்கள் என்றே கருதினார். 1835ஆம் ஆண்டில் ஃபெலிக்ஸ் துஜார்தன் என்னும் மற்றொரு பிரெஞ்சு அறிஞர்தாம் இவை ஓரணு உயிரிகள் என்று காட்டினார். இத்துறையின் பிறப்பிலேயே ஒரு பிழையும் அதன் திருத்தமும் இருந்தன என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் இவ்வோடுகளை நுண்ணோக்கியின்கீழ் பொறுக்கியிருக்கிறேன். கழுவிச் சலித்த சேற்றைக் கறுப்புத் தட்டில் தூவி, ஈரம் தொட்ட மெல்லிய தூரிகையின் நுனியால் ஓர் ஓட்டைத் தொட்டால் அது ஒட்டிக்கொண்டு வரும். அதை வேறொரு தட்டில் வைத்துவிட்டு அடுத்த ஓட்டைத் தேட வேண்டும். ஒரு பிற்பகல் முழுவதும் குனிந்திருந்து எடுத்த ஓடுகள் ஒரு சிட்டிகை அளவுக்கும் வாரா. எமிலியானியின் காலத்தில் ஒரே ஓர் அளவீட்டுக்கு ஒரே இனத்தைச் சேர்ந்த சில நூறு ஓடுகள் தேவைப்பட்டன. அவர் அத்தகைய அளவீடுகளை நூற்றுக்கணக்கில் செய்தார் என்பதைப் படித்தபோதுதான், அறிவியலில் பொறுமைக்கு என்ன பொருள் என்பது எனக்கு விளங்கியது.

இளமையும் கல்வியும்

எமிலியானி 1922ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இத்தாலியின் போலோஞா நகரில் பிறந்தார். ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அமைந்துள்ள நகரம் அது. அப்பல்கலைக்கழகத்திலேயே நிலவியல் பயின்று, இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற 1945ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் 1946 முதல் 1948 வரை ஃபிளாரன்ஸ் நகரில் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றினார். எண்ணெய்க்காகத் துளையிடும்போது எந்த ஆழத்தில் எக்காலத்துப் பாறை கிடக்கிறது என்பதை அறிய அதிலுள்ள நுண்ணோடுகள் உதவுகின்றன. இன்ன இன ஓடு இருந்தால் இன்ன காலம் என்று சொல்லிவிடலாம். ஓடுகளை இனம் பிரித்தறியும் பயிற்சி அவருக்கு அங்கே நன்கு வாய்த்தது.

1948ஆம் ஆண்டில் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1950ஆம் ஆண்டில் அங்கே இரண்டாவது முனைவர் பட்டத்தையும் பெற்றார். அவர் வந்து சேர்ந்த நேரமும் இடமும் சிறப்பானவை. கனநீரகத்தைக் கண்டறிந்து 1934ஆம் ஆண்டில் வேதியியல் நோபெல் பரிசு பெற்ற ஹரால்டு யூரி அப்போது அங்கேதான் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் எமிலியானி 1950 முதல் 1956 வரை ஆய்வாளராக இருந்தார்.

ஓட்டுக்குள் ஒரு வெப்பமானி

யூரியின் எண்ணம் எளிமையானது. ஆக்சிஜனில் எடை குறைந்த ஆக்சிஜன்-16 என்றும், எடை மிகுந்த ஆக்சிஜன்-18 என்றும் வகைகள் உண்டு. இவற்றை ஐசோடோப்புகள் என்பர். ஏறத்தாழ 500 அணுக்களுக்கு ஓர் அணு என்ற அளவில்தான் கனமான வகை இருக்கும். கடலுயிரி ஒன்று சுண்ணாம்பு ஓடு கட்டும்போது நீரிலிருந்து இவ்விரு வகைகளையும் எடுத்துக்கொள்கிறது. நீர் குளிர்ந்திருந்தால் கனமான வகை ஓட்டில் சற்றே கூடுதலாகச் சேரும். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் குறையும். இந்த அடிப்படையை யூரி 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் மாறினால் அவ்விகிதம் 10,000க்கு ஏறத்தாழ 2 பங்குதான் மாறும். இவ்வளவு நுண்ணிய மாற்றத்தை அளக்கும் நிறைமாலைமானியை யூரியின் குழுவினர் உருவாக்கினர். வெப்பநிலை கணிக்கும் அளவுகோலையும் சாமுவேல் எப்ஸ்டைன் முதலானோர் 1950களின் தொடக்கத்தில் வகுத்தனர்.

கருவி இருந்தது, அளவுகோலும் இருந்தது. எதை அளப்பது என்பதில் வழிகாட்டியவர் எமிலியானி. நுண்ணோடுகளை நன்கறிந்த அவர், கடலடிச் சேற்றில் அடுக்கடுக்காகக் கிடக்கும் ஃபோராமினிஃபெரா ஓடுகளே தொடர்ச்சியான வெப்பநிலைப் பதிவேடு என்பதை உணர்ந்தார். 1954ஆம் ஆண்டில், பசிபிக் பெருங்கடலின் அடியில் வாழ்ந்த பழங்கால இனங்களின் ஓடுகளை அளந்து, ஆழ்கடல் நீர் ஒரு காலத்தில் 10 பாகை அளவுக்கு வெதுவெதுப்பாக இருந்து, பல கோடி ஆண்டுகளில் படிப்படியாக இன்றைய குளிர்நிலையை அடைந்தது என்று எழுதினார். அதுவரை ஆழ்கடல் எப்போதும் குளிராகவே இருந்தது என எண்ணியவர்களுக்கு இது புதிய செய்தியாகும்.

1955: நான்கு ஏழான கதை

அக்காலத்தில் பனியூழிகள் மொத்தம் நான்கு என்பதே நிலவியலாளரின் பொதுக் கருத்து. ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் பனியாறுகள் விட்டுச்சென்ற கற்குவியல்களைக் கொண்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட கணக்கு அது. ஆனால், நிலத்தில் ஒரு குறை உண்டு. பின்னால் வரும் பனியாறு முன்னால் வந்ததன் தடத்தை அழித்துவிடும். கடலடியிலோ அடுக்குகள் பெரும்பாலும் கலையாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன.

சுவீடன் நாட்டின் அல்பட்ராஸ் கப்பல் 1947, 1948ஆம் ஆண்டுகளில் உலகக் கடல்களைச் சுற்றி வந்தது. கூலன்பெர்க் வடிவமைத்த உந்துதண்டுக் குழாயைக் கொண்டு 10 மீட்டருக்கும் நீளமான சேற்றுத் தூண்களை அது எடுத்து வந்தது. அக்கப்பலின் தூண்களிலிருந்தும், அமெரிக்காவின் லமாண்ட் ஆய்வகம் கரீபியக் கடலிலும் அட்லாண்டிக்கிலும் எடுத்த தூண்களிலிருந்தும் எமிலியானி மாதிரிகளைப் பெற்றார். சீரான இடைவெளிகளில் ஓடுகளைப் பொறுக்கி, பொடித்து, அமிலத்தில் கரைத்து, வெளிவரும் கரியமில வாயுவை அளந்தார். அளவுகளை வரிசையாகக் குறித்தபோது ஏற்றமும் இறக்கமுமாக ஓர் அலைக்கோடு கிடைத்தது.

1955ஆம் ஆண்டில் நிலவியல் ஆய்விதழ் ஒன்றில் இம்முடிவுகள் வெளிவந்தன. நான்கு பனியூழிகள் என்ற கணக்குப் பொருந்தாது என்பது அதில் தெரிந்தது. ஏறத்தாழ ஏழு முறை கடல் குளிர்ந்தும் வெதுவெதுப்பாகியும் இருந்தது. அவ்வலையின் பகுதிகளுக்கு எமிலியானி எண்கள் இட்டார். நாம் வாழும் இன்றைய வெப்பக் காலம் 1. அதற்கு முந்திய குளிர்காலம் 2. இவ்வாறு பின்னோக்கிச் செல்லச் செல்ல, ஒற்றை எண்கள் வெப்பக் காலங்களையும் இரட்டை எண்கள் குளிர்க்காலங்களையும் குறித்தன.

அதோடு அவர் நிற்கவில்லை. புவி கதிரவனைச் சுற்றும் பாதையிலும் புவியின் அச்சுச் சாய்விலும் ஏற்படும் மெல்லிய மாற்றங்களே பனியூழிகளுக்குக் காரணம் என்று செர்பிய அறிஞர் மிலன்கோவிச் கணித்திருந்தார். பெரும்பாலான நிலவியலாளர்கள் அன்று அதனை ஏற்கவில்லை. எமிலியானி தம் அலைக்கோட்டை மிலன்கோவிச்சின் கணக்கோடு ஒப்பிட்டு, இரண்டும் பொருந்துவதாக எழுதினார். ஓர் இளம் ஆய்வாளர் இவ்வாறு எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

கேம்பிரிட்ஜிலிருந்து வந்த மறுப்பு

இனி அவருடைய பிழைக்கு வருவோம். ஓட்டில் கனமான ஆக்சிஜன் கூடுவதற்குக் குளிர் மட்டும் காரணமாகாது. கடல்நீர் ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன் கொண்ட நீரே எளிதில் மேலெழும். அது துருவப் பகுதிகளில் பனியாகப் பெய்து, உருகாமல் பனிப்பாளமாகத் தங்கிவிட்டால், கடலில் கனமான ஆக்சிஜனின் பங்கு கூடிவிடும். அந்நீரில் கட்டப்படும் ஓடும் கனக்கும். ஆக, கடல் குளிர்ந்தாலும் ஓடு கனக்கும். நிலத்தில் பனி பெருகினாலும் ஓடு கனக்கும். ஒரு பை கனத்துவிட்டதைத் தராசு காட்டும். உள்ளே கூடியது அரிசியா பருப்பா என்பதை அது காட்டாது அல்லவா?

எமிலியானி இதை அறியாதவர் அல்லர். பனியின் பங்கைக் கணித்துக் கழித்தே தம் வெப்பநிலைகளைத் தந்தார். ஆனால், அப்பங்கு சிறியது என்று கொண்டார். அதனால் கரீபியக் கடலின் மேல்நீர் பனியூழிகளில் 6 பாகை அளவுக்குக் குளிர்ந்தது என்ற முடிவுக்கு வந்தார். பழங்காலப் பனிப்பாளங்களில் உறைந்த நீர் எவ்வளவு இலேசானது என்பதை அறிய அன்று நேரடிச் சான்று இல்லை.

1967ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் ஷாக்கில்டன் இதற்கு ஒரு நேர்த்தியான சோதனையை முன்வைத்தார். மேல்நீரில் மிதந்த இனங்களோடு, கடலடியில் வாழ்ந்த இனங்களின் ஓடுகளையும் அவர் அளந்தார். கடலடி நீர் இன்றே உறைநிலைக்குச் சில பாகைகள் மேலேதான் இருக்கிறது. அது இன்னும் 6 பாகை குளிர வழியே இல்லை. இருந்தும், கடலடி ஓடுகளிலும் மேல்நீர் ஓடுகளைப் போன்ற ஏற்ற இறக்கமே தென்பட்டது. அப்படியானால் அலைக்கோட்டின் பெரும்பகுதி பனிப்பாளங்களின் அளவையே காட்டுகிறது. வெப்பநிலையின் பங்கு குறைவு. கிரீன்லாந்தின் பனியை ஆராய்ந்த டென்மார்க் அறிஞர் டான்ஸ்கார்டும் 1969ஆம் ஆண்டில் இதே திசையில் சான்று தந்தார்.

காலக் கணக்கிலும் திருத்தம் வந்தது. கதிரியக்கக் கரி முறை சில பத்தாயிரம் ஆண்டுகளுக்குமேல் எட்டாது. அதற்கு முந்திய காலத்தைச் சேறு படியும் வேகத்தைக் கொண்டே எமிலியானி கணித்தார். 1973ஆம் ஆண்டில் ஷாக்கில்டனும் ஒப்டைக்கும் பசிபிக்கிலிருந்து எடுத்த ஒரு தூணில், புவியின் காந்தப்புலம் தலைகீழாக மாறிய தடத்தைக் கண்டு காலத்தை அளந்தனர். எமிலியானி சுமார் 280,000 ஆண்டுகள் என்று எண்ணிய வரலாறு உண்மையில் ஏறத்தாழ இரு மடங்கு நீண்டது என்பது அதன்பின் தெளிவாயிற்று.

எமிலியானி தம் நிலைப்பாட்டை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. இதனை அவருடைய குறையாகச் சிலர் கருதலாம். என் பார்வையில், தம் எண்களை எவ்வாறு பெற்றார் என்பதை அவர் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்திருந்தார் என்பதே முதன்மையானது. எந்தத் தூண், எந்த ஆழம், எந்த இனம், பனிக்கு எவ்வளவு கழித்தேன் என்று எல்லாம் அச்சில் இருந்தன. அதனால்தான் மறுப்பவர்கள் எந்த இடத்தில் கைவைக்க வேண்டும் என்பதைக் கண்டுகொள்ள முடிந்தது. மேலும், ஷாக்கில்டனும் ஒப்டைக்கும் தங்கள் தூணுக்குப் புதிய எண்முறையை வகுக்கவில்லை. எமிலியானியின் ஒற்றை, இரட்டை எண்களையே ஏற்று, அவற்றைப் பின்னோக்கி நீட்டினர்.

1976ஆம் ஆண்டில் ஹேய்ஸ், இம்பிரி, ஷாக்கில்டன் ஆகிய மூவரும் தென் இந்தியப் பெருங்கடலின் தூண்களை ஆராய்ந்து, சுமார் 100,000, 41,000, 23,000 ஆண்டுச் சுழற்சிகளைக் கண்டனர். இவை புவிப்பாதையின் சுழற்சிகளோடு பொருந்தின. மிலன்கோவிச் பற்றி 21 ஆண்டுகளுக்கு முன்பே எமிலியானி துணிந்து எழுதியது அடிப்படையில் சரியே என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

கப்பலும் துளையும்

1957ஆம் ஆண்டில் எமிலியானி மயாமி பல்கலைக்கழகத்தின் கடலியல் நிலையத்திற்கு மாறினார். 1967 முதல் 1993இல் ஓய்வு பெறும்வரை அங்கு நிலவியல் துறைத் தலைவராக இருந்தார். கையிலிருக்கும் தூண்கள் போதா. இன்னும் ஆழமாகத் துளையிட வேண்டும் என்பது அவர் எண்ணம். 1963ஆம் ஆண்டில் நீண்ட தூண்களை எடுப்பதற்கான ஒரு திட்டத்தை முன்மொழிந்தார். சப்மரெக்ஸ் என்னும் கப்பல் அதே ஆண்டில் கரீபியக் கடலில் துளையிட்டுப் பார்த்தது. இம்முயற்சி பல ஆய்வு நிலையங்களின் கூட்டமைப்பாக வளர்ந்தது. 1968ஆம் ஆண்டில் ஆழ்கடல் துளையிடும் திட்டம் தொடங்கி, குளோமர் சேலஞ்சர் கப்பல் பணியில் இறங்கியது. அதன் வழிவந்த திட்டங்களின் கீழ், 1999ஆம் ஆண்டில் நம் அண்டையிலுள்ள தென் சீனக் கடலிலும் துளையிடப்பட்டு, ஃபோராமினிஃபெரா ஓடுகள் அளக்கப்பட்டன.

எமிலியானியின் ஆர்வங்கள் பரந்தவை. மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் நூல்கள் எழுதினார். 1993ஆம் ஆண்டில் வேடிக்கைபோல் தோன்றும் ஒரு நாள்காட்டித் திருத்தத்தையும் முன்மொழிந்தார். இன்றைய ஆண்டு எண்ணோடு 10,000ஐக் கூட்டிவிட்டால், மனித நாகரிகத்தின் வரலாறு முழுவதையும் முன், பின் என்று பிரிக்காமல் ஒரே வரிசையில் எண்ணலாம் என்பது அவர் கருத்து. அக்கணக்கில் 2000ஆம் ஆண்டு 12000ஆம் ஆண்டாகும். இலட்சக்கணக்கான ஆண்டுகளோடு பழகியவருக்கு 10,000 பெரிய எண்ணாகத் தோன்றியிராது!

அவர் பெயரைத் தாங்கிய ஓர் உயிரினமும் கடலில் உண்டு. எமிலியானியா ஹக்ஸ்லியி என்னும் நுண்பாசி சுண்ணாம்புத் தட்டுகளால் தன்னை மூடிக்கொள்வது. அது பெருகும்போது கடல் பால்நிறமாக மாறுவதைச் செயற்கைக்கோள் படங்களிலும் காணலாம். 1983ஆம் ஆண்டில் சுவீடனின் வேகா பதக்கமும், 1989ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியல் கழகத்தின் அகாசிஸ் பதக்கமும் அவருக்கு வழங்கப்பட்டன. 1995ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் ஃபுளோரிடாவில் அவர் காலமானார்.

நம் மண்ணும் அவர் எண்களும்

வெப்பநிலையா, பனியா என்ற வாதம் நமக்குத் தொலைவான ஒன்றாகத் தோன்றலாம். உண்மையில் அது நாம் நிற்கும் மண்ணைப் பற்றியது. ஓடுகள் பனியின் அளவைக் காட்டுகின்றன என்றால், அவை கடல்மட்டத்தையும் காட்டுகின்றன என்று பொருள். நிலத்தில் பனி பெருகினால் கடல் வற்றும். எமிலியானியின் 2ஆம் எண் காலத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணையும் தென் சீனக் கடலின் தென்பகுதியும் ஆழம் குறைந்தவை. ஆகவே அன்று மலாயாத் தீபகற்பமும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன. சிங்கப்பூர் அன்று தீவாகவே இல்லை. 5ஆம் எண் காலத்தின் உச்ச வெப்பத்திலோ, சுமார் 125,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைவிட 6 முதல் 9 மீட்டர் வரை உயர்ந்திருந்தது. கடலோரத்தில் நகரங்களைக் கட்டி வாழும் நமக்கு இவ்வெண் ஓர் எச்சரிக்கையாகும்.

வெப்பநிலை குறித்த வாதமும் முழுமையாக ஒரு பக்கம் சாய்ந்துவிடவில்லை. அண்மைக் காலத்தில் ஓடுகளிலுள்ள மக்னீசியத்தின் அளவைக் கொண்டு வெப்பநிலையைத் தனியே கணிக்கும் முறை வந்துள்ளது. வெப்பமண்டலக் கடல்களும் பனியூழியில் பல இடங்களில் 2, 3 பாகை குளிர்ந்தன என்று அது காட்டுகிறது. எமிலியானி சொன்ன 6 பாகை மிகைதான். எனினும், பனி போக எஞ்சியது ஒன்றுமில்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

2005ஆம் ஆண்டில் லிசீக்கி, ரேமோ ஆகிய இருவரும் உலகின் 57 இடங்களிலிருந்து கிடைத்த அளவுகளை இணைத்து, 53 இலட்சம் ஆண்டுகளுக்கான ஒரே அலைக்கோட்டை வெளியிட்டனர். இன்று என்னைப் போன்ற மாணவர்கள் பயன்படுத்துவது அதனைத்தான். அதில் எமிலியானியின் பாகைகள் இல்லை. அவருடைய ஆண்டுக் கணக்கும் இல்லை. ஆனால், ஒவ்வோர் ஏற்றத்தின் மேலும் ஒற்றை எண்ணும், ஒவ்வோர் இறக்கத்தின் மேலும் இரட்டை எண்ணும் அவர் இட்ட வரிசையிலேயே நிற்கின்றன.

பிழைபட்ட அறிஞரை எவ்வாறு மதிப்பிடுவது என்ற கேள்விக்கு எனக்குத் தோன்றும் விடை இதுதான். அவர் விட்டுச்சென்ற பணியின்மேல் மற்றவர் கட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கை மறைத்து வைத்தவரின் பிழை அவரோடு மடிந்துபோகும். கணக்கைத் திறந்து காட்டியவரின் பிழை அடுத்தவருக்குப் படிக்கல்லாகும். தேர்வில் விடை மட்டும் எழுதினால் போதாது, செய்வழியையும் காட்ட வேண்டும் என்று நம் கணித ஆசிரியர்கள் வலியுறுத்தியதன் பொருளும் இதுவே. அறிவியல் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நாம், நம் ஆய்வேடுகளின் எண்களை அஞ்சாமல் எழுதுவோம். அவற்றை அடைந்த வழியையும் மறவாமல் எழுதி வைப்போம்.